திரையின் ஓரத்தில் ஒரு கை

லண்டனில், அப்பர் டூட்டிங் ரோட்டில் நான் வேலை செய்த கடையில், கருவாட்டுப் பெட்டிகளுக்கு மேலே சுவரில் ஒரு சின்னத் தொலைக்காட்சி பொருத்தியிருந்தது. பருமனான பழைய பெட்டி. எத்தனை தரம் துடைத்தாலும் அதன் கண்ணாடியில் ஒரு பிசுக்கு இருந்துகொண்டே இருக்கும். ஒரு பிற்பகலில் அந்தத் திரையில் படம் அசையாமல் நிறுத்தப்பட்டிருந்ததும், அதன் இடது ஓரத்தில் ஒரு பையனின் தோளில் யாருடையதோ ஒரு கை கிடந்ததும் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கின்றன. கை மட்டும்தான் தெரிந்தது. மணிக்கட்டோடு படம் முடிந்துவிட்டது. அந்தக் கைக்குச் சொந்தக்காரர் பெட்டியின் கறுப்புச் சட்டத்துக்கு அப்பால் எங்கேயோ வெட்டுப்பட்டுப் போயிருந்தார். ஆனால் அந்த நேரத்தில் அவர் எனக்குப் பக்கத்தில்தான், கையில் ரிமோட்டோடு, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்.

அவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டார்கள். கடை முதலாளி என்றாலும் முதலாளி என்று கூப்பிட யாருக்கும் வாய் வராது. நான் மன்னாரில் இருந்து கல்யாணம் கட்டி இந்த நாட்டுக்கு வந்து, இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகு, பகல் ஷிப்டுக்கு அவரிடம் சேர்ந்தேன். கடையில் பாதி மரக்கறி, பாதி படம். ஒரு பக்கம் முருங்கைக்காய், வல்லாரை, இடியப்ப மா. மறு பக்கம் வாடகைக்கு டிவிடி. வாசலுக்குக் கிட்டத் தமிழ்ப் படங்கள், உள்ளே போனால் ஆங்கிலப் படங்கள். கல்லாவுக்குப் பக்கத்தில், வேறு கடைகளில் இனிப்பும் பல்லிமிட்டாயும் வைக்கிற இடத்தில், தாய்லாந்துச் சண்டைப் படங்களுக்கென்று தனியாக ஒரு தட்டு இருந்தது. டூட்டிங் முழுக்கத் தேடினாலும் அப்படியொரு தட்டு வேறு எங்கும் கிடையாது. தேம்ஸ் ஆற்றுக்கு அந்தப் பக்கத்தில் இருந்த ஒரு தாய்லாந்துக் கடைக்காரரைப் பிடித்து, புதிதாக என்ன வந்தாலும் அண்ணை எடுப்பித்துவிடுவார். ஒரே படம் வேறு அட்டையோடு வந்தாலும் திரும்ப வாங்குவார். சண்டைப் பைத்தியம் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம்.

அவரைப் பார்த்தவர்களுக்கு அந்த முடிவு பெரிய பகிடியாக இருக்கும். ஆள் ஒல்லி, தலையில் முடி இல்லை, நெஞ்சில் இழுப்பு. அரிசிச் சாக்கை ஒரு பக்கத்தில் இருந்து மறு பக்கத்துக்கு நகர்த்தினால் அதன்மேலேயே உட்கார்ந்து மூச்சு விடுகிற மனிதர். கடையில் யாராவது சத்தமாகக் கதைத்தாலே மெதுவாக உள்ளே போய் வெங்காயம் தெரிந்தெடுப்பார். அப்படிப்பட்டவருக்கு ஐம்பது வயது நிறைந்தபோது, வாடிக்கையாளர்கள் எல்லோரும் சேர்ந்து சிவப்பு நிறத்தில் ஒரு சோடி குத்துச்சண்டைக் கையுறை வாங்கிக் கொடுத்தார்கள். அண்ணை அதைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பிறகு கருவாட்டுக்கு மேலே ஓர் ஆணியில் தொங்கவிட்டார். கொஞ்ச நாளில் அதுவும் நெத்தலி மணக்கத் தொடங்கியது.

வேறு எந்தப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்தாலும் வாசலில் இருக்கிற பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகலாம். தாய்லாந்துப் படம் என்றால் மட்டும் அண்ணையின் கையில்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கிறபோது படம் எப்படி என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் நழுவப் பார்த்தால் விடமாட்டார். அவசரமாகப் பேருந்து பிடிக்கப் போகிறவரையும் கொத்தமல்லிக்கட்டை நீட்டி மறித்துவிடுவார். அவர்கள் சொல்வதை எல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி கேட்பார்.

"சண்டை சரி. வேறை என்ன கண்டனீங்கள்?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வதென்று ஒருவருக்கும் தெரியாது. சிலர் கதாநாயகியின் பெயரைச் சொல்வார்கள், சிலர் கடற்கரையை. படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு நித்திரைக்குப் போனவர்கள் மாட்டுப்பட்டு முழிப்பார்கள். "அண்ணை, படம் எடுத்தா சோதினையும் எழுத வேணுமோ?" என்று நான் கேட்பேன். "கேட்டா என்ன குறைஞ்சு போகும், தங்கச்சி?" என்பார்.

அந்தக் கல்லாவடியில் நின்று நான் கேட்ட கருத்துகளை ஒருவரும் எழுதி வைக்கவில்லை என்பதில் எனக்குக் கவலை. லண்டன் தமிழர்கள் கோயில் நிர்வாகத்தைப் பற்றிக்கூட இவ்வளவு தீவிரமாகக் கதைத்ததில்லை. சிவப்புப் பேருந்து ஓட்டுகிற ஒருவர் வருவார், அவருக்குத் தாய்லாந்துப் படத்தைத் தவிர வேறு சண்டையே சண்டை இல்லை. "ஒருத்தனுக்கும் கயிறு கட்டேல்லை அண்ணை. கொம்பியூட்டர் விளையாட்டும் இல்லை. பாய்ஞ்சவன் பாய்ஞ்சதுதான், விழுந்தவன் விழுந்ததுதான்" என்று கைகளை வீசிச் சொல்வார். அவர் வீசிய வீச்சில் ஒரு நாள் மாங்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்று கீழே விழுந்தது. பல்கலைக்கழகம் போகிற இரண்டு பையன்கள், ஹொங்கொங் சண்டை டான்ஸ் மாதிரி, தாய்லாந்துச் சண்டை அக்சிடென்ட் மாதிரி என்று பிரித்துச் சொன்னார்கள். எனக்கு அது சரியாகவே பட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற ஒரு பெண், "அந்த முழங்காலடி பட்டவன் பிறகு எழும்பேலாது. எழும்பினால் அது பேய்ப்படம்" என்று ஒரேயடியாக முடித்துவிட்டாள். சென்னையில் இருந்து வந்து கம்ப்யூட்டர் வேலை பார்த்த ஒருவர் வாரம் தவறாமல் எடுப்பார், வாரம் தவறாமல் குறை சொல்லுவார். "ஆமா சார், அடி பிரமாதம், இல்லேங்கல. ஆனா எதுக்கு அடிக்கிறான்னு ஒரு கதை வேணாமா? ஒரே உதையை மூணு பக்கத்துலேருந்து மூணு வாட்டி காட்டுறான். நானும் மூணு வாட்டி டீ குடிச்சிட்டு வந்துட்டேன்." அடுத்த வாரம் இன்னொரு படத்தை எடுத்துக்கொண்டு போவார்.

நான் அவர் கட்சி. எனக்கு அழுகைப்படம் வேண்டும். தாய் மகனைப் பிரிய வேண்டும், மழை பெய்ய வேண்டும், கடைசியில் சேர வேண்டும். அண்ணையின் தட்டில் இருந்த படங்களில் எப்போது பார்த்தாலும் ஏதாவது ஒன்று களவு போகும். ஒரு பையன் அதைத் தேடிப் பட்டணத்துக்குப் போவான், போகிற வழியில் நிற்கிறவன் எல்லோரையும் முழங்கையால் இடிப்பான். "அந்த நாட்டிலை ஒருத்தரும் ஒரு சாமானையும் கவனமா வச்சிருக்க மாட்டினமோ அண்ணை? படத்துக்குப் படம் ஒண்டு துலையுது" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் தேசிக்காய்களை ஒழுங்காக அடுக்கிக்கொண்டு நின்றார். பிறகு, "துலைஞ்சதைத் தேடிப் போறது நல்ல கதைதானே" என்றார்.

தாய்லாந்துச் சினிமாவைப் பற்றி அவருக்கு நிறையத் தெரிந்திருந்தது. அங்கே உள்ளூர்ச் சனம் இந்தச் சண்டைப் படங்களை அவ்வளவாகப் பார்க்காது என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "அதுகளுக்குப் பேய்ப்படமும் பகிடிப்படமும்தான் வேணும். சண்டைப்படம் எங்கடை இறால் மாதிரி, தங்கச்சி. நல்லதெல்லாம் பெட்டியிலை ஏறி வெளிநாட்டுக்குப் போயிடும்." ஒரு படம் நன்றாக ஓடினால் அடுத்த வருடமே அதேபோல வரிசையாக எடுத்து, பார்க்கிறவர்களுக்குச் சலித்துப் போகச் செய்துவிடுவார்கள் என்றும் குறைப்படுவார். பாய்ந்து விழுகிற பையன்களுக்கு எலும்பு உடைந்தால் பிறகு அவர்களை யாரும் தேடுவதில்லை என்று சொல்லும்போது அவருடைய முகம் சுருங்கிவிடும். லண்டனுக்கு வருவதற்கு முதல் சில வருடங்கள் அவர் பாங்கொக்கில் இருந்தவர் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் அப்படி வழியில் ஏதாவதொரு நாட்டில் மாட்டுப்பட்டு நின்று வந்தவர்கள். அதனால் அதை ஒருவரும் பெரிதாகக் கேட்பதில்லை. கேட்டால் திருப்பிச் சொல்ல வேண்டி வருமே என்ற பயமும் எல்லோருக்கும் இருந்தது.

அங்கே இருந்து அவர் கொண்டுவந்த பழக்கம் ஒன்று எங்களுக்கு நல்ல வேடிக்கை. கடைத் தொலைக்காட்சியில் தாய்லாந்துப் படம் ஒன்றைப் போட்டால், தொடங்குகிற நேரத்தில் அண்ணை நிமிர்ந்து நிற்பார். கையில் கத்தரிக்காய் இருந்தாலும் கீழே வைத்துவிட்டு நிற்பார். அந்த நாட்டுத் தியேட்டர்களில் படத்துக்கு முன்னால் அரசருக்கு வாழ்த்துப் பாட்டுப் போடுவார்களாம், எல்லோரும் எழுந்து நிற்க வேண்டுமாம். "விசா இல்லாத ஆள் எழும்பாமல் இருந்தா எல்லாற்றை கண்ணும் அவனிலைதான் விழும். நாங்கள்தான் முதல் எழும்பிறது" என்றார். தியேட்டருக்குள் குளிர்ச்சியாக இருக்கும், பொலிஸ் வராது, ஒரு டிக்கெட்டோடு பின்னேரம் வரை இருக்கலாம் என்பதால் அங்கே போய் இருந்து இருந்து படம் பார்க்கிற பழக்கம் வந்ததாம். "நாங்கள்" என்று அவர் சொன்னதை நான் அப்போது கவனிக்கவில்லை. கூட்டாளிகள் என்று நினைத்திருப்பேன்.

டூட்டிங்குக்கு அடுத்த ஊரான மிச்சத்தில் இருந்து வாரத்துக்கு ஒரு தடவை வருகிற ஓர் அன்ரி இருந்தார். எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் முதல் வரிசையில் இருப்பவர். மகன் எடுத்த படத்தை அன்றைக்கு அவர் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். அண்ணை அடிக்கடி எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கிற படம் அது. புதிதாக யார் வந்தாலும் முதலில் அதைத்தான் நீட்டுவார். ஆற்றில் படகோட்டுகிற ஒருவனுடைய படகை ஒரு பணக்காரன் பறித்துக்கொள்ள, அதை மீட்பதற்காக அவன் சண்டை மேடையில் ஏறுகிற கதை. தட்டில் இருந்ததிலேயே மிகவும் சுமாரான படம் என்பது என் அபிப்பிராயம். சென்னைக்காரருக்கும் அதே அபிப்பிராயம்.

அன்ரி தேங்காயைத் தட்டிப் பார்த்துக்கொண்டே படத்தைக் கல்லாவில் வைத்தார். அண்ணை பழக்கதோஷத்தில், "எப்பிடி அன்ரி படம்?" என்றார்.

"எனக்கு உந்த அடிபிடி விருப்பமில்லைத் தம்பி. மகன் போட்டவன் எண்டு கடலை உடைச்சுக்கொண்டு இருந்தனான்."

"வேறை என்ன கண்டனீங்கள்?"

அன்ரி தேங்காயைக் கீழே வைத்தார். "வேறை என்ன... அந்த மேடையைச் சுத்தி இருக்கிற சனத்துக்குள்ளை ஒரு பொடியன். எங்கடை பொடியன் மாதிரிக் கிடந்துது. எல்லாரும் அடி, அடி எண்டு கத்துதுகள். அடி விழேக்கை அவன் மட்டும் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிறான். எனக்கு அந்தப் பிள்ளையைப் பாக்கப் பாவமாக் கிடந்துது. பிறகு படம் முடியுமட்டும் அவனைத்தான் தேடினனான், ஆள் வரேல்லை."

நான் அண்ணையைப் பார்த்தேன். அவர் கல்லாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். இழுப்பு வந்துவிட்டதாக நினைத்து, மருந்தை எடுத்து வர உள்ளே ஓடப் பார்த்தேன். அவர் கையைக் காட்டி என்னை மறித்துவிட்டு, கல்லாவைச் சுற்றி வந்து, அந்த டிவிடியைப் போட்டார். எந்த இடம் என்று தேடவே இல்லை. அவருடைய விரலுக்கே அந்த இடம் தெரிந்திருந்தது. மேடைக்குக் கீழே கத்துகிற கூட்டம் வந்தது. படம் நின்றது.

"இவனோ?"

"ஓம், ஓம். இவன்தான். ஆர் தம்பி இவன்?"

"என்ரை தம்பி."

பதினெட்டு, இருபது வயது இருக்கும். கழுத்து நீண்ட, மீசை சரியாக முளைக்காத முகம். அவனைச் சுற்றி எல்லோருடைய வாயும் திறந்திருக்க, அவன் கண்களை இறுக்கி மூடிக்கொண்டு முகத்தைத் தோள்பக்கம் திருப்பியிருந்தான். அந்தத் தோளில்தான் அந்தக் கை இருந்தது. அந்தப் படத்தை நான் எத்தனையோ தரம் கடையில் ஓடவிட்டிருக்கிறேன். ஒரு தரம்கூட அவனைக் கண்டதில்லை. மேடையில் அடிபடுகிறவனைப் பார்ப்பதா, கீழே இருக்கிறவனைப் பார்ப்பதா?

"அந்தக் கை ஆரின்ரை?" என்று அன்ரி கேட்டார்.

"என்ரைதான்."

அதற்குப் பிறகுதான் அவர் சொன்னார். நின்றபடியே, எங்களைப் பார்க்காமல், திரையைப் பார்த்துச் சொன்னார். பாங்கொக்கில் அவரும் தம்பியும் ஓர் ஒடுக்கமான அறையில் இருந்திருக்கிறார்கள். ஒரு நாள் படக் கம்பனிக்கு ஆள் பிடிக்கிறவன் ஒருவன் அவர்கள் இருந்த ஒழுங்கைக்கு வந்து, சண்டை மேடையைச் சுற்றி இருந்து கத்துவதற்கு ஆட்கள் வேண்டும், சாப்பாடும் தருவோம் என்று கூட்டிப் போயிருக்கிறான். மேடையில் நடந்த சண்டையில் பாதி அடி உண்மையாகவே விழுந்ததாம். அடி விழுகிற நேரம் எல்லோரும் கத்த வேண்டும். தம்பியால் முடியவில்லை. "அவனுக்கு அடியைப் பாக்க ஏலாது. ஊரிலை அப்பாவை அடிக்கேக்கை பக்கத்திலை நிண்டவன். பொய்யடிதான், பாரடா எண்டு தோளிலை கையை வச்சுச் சொன்னனான். பொய் சொல்லாதை அண்ணை எண்டவன்." அந்த இடத்தைத்தான் கமெராக்காரன் பிடித்துப் படத்தில் சேர்த்துவிட்டான்.

படம் வெளிவருவதற்கு முதலே அண்ணைக்கு லண்டனுக்கு வழி கிடைத்துவிட்டது. தம்பிக்குக் கிடைக்கவில்லை. நீ முதலில் போ, நான் பின்னால் வருகிறேன் என்று தம்பிதான் அனுப்பி வைத்திருக்கிறான். படம் வந்தபோது அவன் தியேட்டருக்குப் போய்ப் பார்த்துவிட்டு லண்டனுக்குப் போன் எடுத்தானாம். "நீயும் இருக்கிறாய், நானும் இருக்கிறன் அண்ணை. ரெண்டு பேரும் பெரிசாய், பக்கத்திலை பக்கத்திலை" என்று கத்தினானாம். கொஞ்ச நாள் கழித்து இன்னொரு போன், படகில் போகப் போகிறேன் என்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. எந்தப் படகு, எந்தக் கரை என்று அண்ணை கேட்காத இடமில்லை. ஊரில் எடுத்த போட்டோக்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன. பாங்கொக்கில் இரண்டு பேரும் சேர்ந்து நின்று போட்டோ எடுக்கவே இல்லை. யாராவது காட்டிக் கொடுத்துவிடுவார்கள் என்று பயம். ஆகவே அவருடைய தம்பி வளர்ந்த பிள்ளையாக இந்த உலகத்தில் தெரிகிற இடம் இது ஒன்றுதான். அதிலும் டிவிடிக்காரர்கள், பெட்டித் தொலைக்காட்சிக்குப் பொருந்த வேண்டுமென்று படத்தின் இரண்டு பக்கத்தையும் வெட்டிவிட்டார்கள். தம்பி மிஞ்சினான், அண்ணையின் கை மிஞ்சியது, அண்ணை போய்விட்டார். புது அட்டையோடு எது வந்தாலும் அவர் திரும்பத் திரும்ப வாங்கியதும் இதற்காகத்தான். எதிலாவது முழுப் படமும் இருக்காதா என்று பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் ஒரே வெட்டுத்தான்.

"வெட்டினதுகூடப் பரவாயில்லை அன்ரி. இவனை ஆரும் காணீனமோ எண்டுதான் கேட்டுக்கொண்டிருந்தனான். நான் சொல்லிக் காட்டினா எல்லாரும் காணுவினம். சொல்லாமல் ஒருத்தர் காண வேணும் எண்டு நினைச்சனான்."

அன்ரி தொலைக்காட்சிக்குக் கிட்டப் போனார். கருவாட்டுப் பெட்டியில் ஒரு கையை ஊன்றி எட்டி, அந்தப் பிசுக்குக் கண்ணாடியில், பையனின் நெற்றியில் பெருவிரலால் ஒரு சிலுவை போட்டார். எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பயணம் போகும்போது அப்படித்தான் போட்டுவிடுவோம். பிறகு, "பேரைச் சொல்லுங்கோ தம்பி, ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் குடுக்கிறன்" என்றார். அண்ணை சைவக்காரர். ஆனாலும் எங்களோடு பழகிப் பழகி, பூசையில் உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒரு மன்றாட்டு, இறந்தவர்களுக்கு வேறொரு மன்றாட்டு என்பது அவருக்குத் தெரியும்.

"எதிலை குடுக்கப் போறியள் அன்ரி? இருக்கிறவையிலோ, இல்லாதவையிலோ?"

அந்தக் கேள்வியை அவர் எத்தனை வருடம் தனக்குள்ளே கேட்டுக்கொண்டிருந்திருப்பார். அன்ரி முந்தானையால் விரலைத் துடைத்தார். "ரெண்டிலையும் போடாமல் சும்மா குடுக்கிறன். ஆண்டவருக்குத் தெரியும்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை சாமியார் அந்தப் பெயரைத் தனியாகத்தான் வாசித்தார். எந்தப் பட்டியலிலும் சேர்க்கவில்லை. நான் திரும்பிப் பார்த்தேன். வாசலோடு அண்ணை நின்றார். நாங்கள் இருந்தபோதும் முழந்தாளிட்டபோதும் அவர் நிமிர்ந்து நின்றபடியே நின்றார். கடை அன்றைக்கு மத்தியானம் வரை பூட்டிக் கிடந்தது.

அதற்குப் பிறகு அண்ணை அந்தக் கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டார். தாய்லாந்துப் படங்களையும் மற்றப் படங்கள் மாதிரி வாசல் பெட்டிக்குள் போட்டுவிட்டுப் போகலாம் என்றாகிவிட்டது. பேருந்துக்காரருக்கு அதில் பெரிய மனக்குறை. "அண்ணைக்கு என்னிலை கோவமோ?" என்று என்னிடம் தனியாக விசாரித்தார். சென்னைக்காரர் யாரும் கேட்காமலே தானாக நின்று குறை சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அந்தச் சத்தமெல்லாம் இல்லாமல் கடை வெறிச்சென்று கிடப்பதாகத் தோன்றியது. அண்ணை மட்டும் அதற்குப் பிறகு கொஞ்சம் கலகலப்பாகிவிட்டார். மிச்சம் அன்ரி வருகிற நாளில் நல்ல தேங்காயாகப் பார்த்து ஒதுக்கி வைப்பார். அன்ரியும் தம்பியின் சுகம் விசாரிக்கிற மாதிரி, "எங்கை, பொடியனை ஒருக்காப் போடுங்கோ" என்பார். மூவரும் நின்று பார்ப்போம். கண்மூடித் திறப்பதற்குள் போய்விடுகிற காட்சி அது.

பிறகு யாரும் படம் வாடகைக்கு எடுக்காத காலம் வந்தது. படமெல்லாம் போனுக்குள் போய்விட்டது. அண்ணை டிவிடித் தட்டுகளைக் கழற்றி, அந்த இடத்தில் சிம் கார்டும் மாலைதீவு மாசிக் கருவாடும் வைத்துப் பார்த்தார், பிறகு கடையையே விற்றுவிட்டார். கடைசி நாளில் அந்தப் படத்தையும் கையுறைச் சோடியையும் என்னிடம் தந்தார். "வீட்டிலை இன்னும் நாலு கிடக்கு. உனக்குச் சண்டைப்படம் பிடிக்காது எண்டு தெரியும். வச்சிரு" என்றார். மிச்சத்தில் டிராம் பாதைக்குக் கிட்ட ஒரு பிளாட்டில் போய் இருந்தார். போகிற வருகிற நேரம் கண்டு கதைப்பேன். தியேட்டரில் ஓடிய முழுப் படத்தைப் பற்றிக் கேட்டால், "அவன் பாத்தவன்தானே, காணும்" என்பார். போதாது என்று எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முந்திய பனிக்காலத்தில், அந்த நெஞ்சு இழுப்போடேயே போய்ச் சேர்ந்தார். மிச்சம் அன்ரி அவருக்கு முதலே போய்விட்டார். அண்ணையின் செத்தவீட்டில் வைத்த படத்தில் அவர் தனியாகத்தான் இருந்தார்.

இந்த வசந்தத்தில் என் மகள் தன் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவள் வயதுப் பிள்ளைகள் இப்போது தாய்லாந்துக் காதல் நாடகங்களைத்தான் விழுந்து விழுந்து பார்க்கிறார்கள். சண்டைப் படங்களை யாரும் தேடுவதில்லை என்று நினைத்திருந்தேன். "அம்மா, திஸ் இஸ் யுவர் படம், ரைட்?" என்றாள். தேம்ஸ் கரையில் உள்ள ஒரு பட மாளிகையில் பழைய தாய்லாந்துச் சண்டைப் படங்களை ஒரு வாரம் போடுகிறார்களாம். படகோட்டியின் படமும் அதில் இருந்தது. பழைய பிலிமைத் தேடிப் பிடித்துக் கழுவித் துப்புரவாக்கி, தியேட்டரில் ஓடிய அதே அகலத்தில் என்று போட்டிருந்தது. அந்த ஒரு வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மகள் தானும் வருவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று தனியாகப் போனேன்.

மாளிகை நிறைய இளம் ஆட்கள். வெள்ளை, கறுப்பு, சீனர், ஒன்றிரண்டு தாய்லாந்துக் குடும்பங்கள். விளக்கு அணைந்து கம்பனியின் சின்னம் விழுந்தபோது என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் செருமினார். உட்கார்ந்தேன். படம் அதே சுமாரான படம்தான், என் கருத்தில் ஒரு மாற்றமும் இல்லை. முழங்கை படும்போதெல்லாம் பிள்ளைகள் கை தட்டிச் சிரித்தார்கள். "கயிறே இல்லை" என்று எனக்கு முன்னால் ஒருவன் ஆங்கிலத்தில் சொன்னது, பேருந்துக்காரர் சொன்னது மாதிரியே இருந்தது.

மேடைச் சண்டை வந்தது. எந்த அடி என்று எனக்குத் தெரியும். மத்தளம் ஒரு கணம் நின்று, எதிராளியின் கால் உயர்ந்து, படம் கூட்டத்தின் பக்கம் திரும்பியது. அந்தப் பையன் சுவரளவு பெரிதாக வந்தான். கண்ணை மூடினான், முகத்தைத் திருப்பினான். தோளில் கை. கையோடு மணிக்கட்டு, மணிக்கட்டோடு மடித்துவிட்ட நீலச் சட்டைக் கை, அதற்கப்பால் அண்ணை. தலை நிறைய முடியோடு, இழுப்பு இல்லாத நெஞ்சோடு, இருபத்தைந்து, இருபத்தாறு வயது அண்ணை. எல்லோரும் மேடையைப் பார்த்துக் கத்துகிறார்கள், அண்ணை மேடையைப் பார்க்கவில்லை. தம்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். உதடு அசைகிறது. என்ன சொல்கிறார் என்பது அந்த மாளிகையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நீயும் இருக்கிறாய், நானும் இருக்கிறேன் என்று அவன் போனில் கத்தியது பொய் இல்லை. அடுத்த கணம் படம் மேடைக்குப் போய்விட்டது. நான் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தேன். அண்ணை, நீங்கள் ஒரு தரம் இதைப் பார்த்திருக்க வேண்டும். ஒரே ஒரு தரம்.

வெளியே வரும்போது வாசலில் மாளிகைக்காரப் பெண் ஒருத்தி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு நின்றாள். படம் பார்த்தவர்களுடைய கருத்தைக் கேட்டுக் கையில் இருந்த சின்னத் திரையில் பதிந்துகொண்டிருந்தாள். வயது போன பொம்பிளை ஒருத்தி தனியாகச் சண்டைப் படத்துக்கு வந்தது அவளுக்குப் புதுமையாக இருந்திருக்க வேண்டும். எப்படி இருந்தது படம் என்று சிரித்தபடி ஆங்கிலத்தில் கேட்டாள். சண்டை நல்லது, கதை காணாது என்றேன். அவள் தட்டிக்கொண்டாள். பிறகு தலையை நிமிர்த்தி, வேறு ஏதாவது கவனித்தீர்களா என்று கேட்டாள்.

"ஓம்" என்று தமிழில் சொல்லிவிட்டேன். பிறகு, கூட்டத்துக்கு வழி விட்டு ஓர் ஓரமாக அவளையும் கூட்டிக்கொண்டு போய் நின்று, மேடைக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இரண்டு பேரைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினேன்.